மலைக்கு அனுப்பிய பத்துப் பிரதிகள்

போன வாரம் பயிற்சி வகுப்பில் என்னைப் பேசச் சொன்னீர்கள். பேசி முடித்ததும் பின் வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்து, ஊர் முழுக்க ஒரே புத்தகத்தைப் படிக்க வைக்கும் நிகழ்ச்சியை நல்லபடியாக நடத்த என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். நான் எதையோ சொல்லி மழுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். பதில் தெரிந்திருந்தால் டீ ஆறிப்போனாலும் நின்று சொல்லியிருப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் நூலகத்தில் வேலை பார்த்தவன் நான். அப்படி ஒரு நிகழ்ச்சியை நடத்தியும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அதில் என்னதான் நடந்தது என்று இன்றைக்கும் எனக்கு முழுசாக விளங்கவில்லை. விளங்கிய வரைக்கும் எழுதி அனுப்புகிறேன். அந்தப் பெண்ணிடமும் காட்டுங்கள்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் இருந்தேன். மேலே இருந்து ஒரு யோசனை வந்தது. ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்து, மூன்று இடங்களில் வாசகர் வட்டம் அமைத்து, நாற்பது நாள் எல்லோரும் அதையே படிக்க வேண்டும். கடைசியில் மூன்று வட்டத்தையும் ஒரு மண்டபத்தில் கூட்டிப் பேச வைக்க வேண்டும். ரிஷிவந்தியத்தில் ஒரு வட்டம், பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியார்கள். கச்சிராயபாளையத்தில் ஒரு வட்டம், கரும்பு போடுகிற விவசாயிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும். மூன்றாவது, கல்வராயன் மலைமேல் ஒரு சிற்றூர். அதன் பேரை எழுதப் போவதில்லை. என்னால் அவர்களுக்கு நேர்ந்த சங்கடம் ஒரு தடவையோடு போகட்டும்.

நாவல் சின்னதுதான். ஒரு டிரைவர் ஒருநாள் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிறவன் திரும்பி வருவதில்லை. மனைவி இரண்டு பிள்ளைகளோடு ஒன்பது வருஷம் தனியாகப் பிழைக்கிறாள். அதற்கப்புறம் ஒருநாள் அவன் வாசலில் வந்து நிற்கிறான். அவள் ஒன்றும் கேட்காமல் தட்டு வைத்துச் சோறு போடுகிறாள். சாப்பிட்டு முடித்ததும் 'கை கழுவிக்கோ' என்கிறாள். கதை முடிந்தது. நடுவில் ஒரே ஒரு அத்தியாயம் அவன் ஏன் போனான் என்று சொல்கிறது. தம்பி செய்த ஒரு பெரிய தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் போயிருக்கிறான். இந்த அத்தியாயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது பிரதிகள், பத்துப் பத்தாக மூன்று கட்டுகளில் வந்தன. புதுப் புத்தகம் வந்தால் ஒவ்வொன்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்க்க வேண்டும் என்று நமக்கெல்லாம் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். நான் முதன்முதலில் வேலை பார்த்த நூலகத்தின் நூலகர் இந்த விஷயத்தில் ஒரு வெறியர். ஆறாம் வகுப்பு நோட்ஸ் வந்தால்கூட புரட்டாமல் அலமாரிக்கு அனுப்ப மாட்டார். அவரை நாங்கள் பின்னால் நின்று கேலி செய்வோம். அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் கட்டிலிருந்து ஒரு பிரதியை எடுத்து முழுக்கப் புரட்டினேன். சுத்தமாக இருந்தது. முப்பதும் ஒரே புத்தகம்தானே, ஒன்றைப் பார்த்தால் முப்பதையும் பார்த்த மாதிரிதானே என்று நினைத்துக்கொண்டேன். முப்பதும் வேறு வேறு புத்தகமாக வந்திருந்தால் முப்பதையும் புரட்டியிருப்பேன். ஒரே புத்தகம் என்பதால்தான் ஏமாந்தேன்.

இன்னொரு வேடிக்கை. முத்திரை குத்துவதற்காக முப்பதையும் கையால் திறக்கத்தான் செய்தேன். முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் நம்முடைய இரகசியப் பக்கம். திருடு போனால் நம் புத்தகம்தான் என்று நிரூபிக்க எல்லாப் புத்தகத்திலும் ஒரே எண்ணுள்ள பக்கத்தில் ஒரு முத்திரை குத்துகிறோமே, அது. முப்பது தடவை அந்தப் பக்கத்தைத் தேடித் திறந்தேன். முப்பதிலும் அது இருந்தது. ஆகவே முப்பது புத்தகத்தையும் நானே பார்த்தேன் என்று சத்தியம் செய்திருப்பேன்.

மூன்றாவது கட்டைப் பிரித்து முத்திரை குத்தி, மறுபடி அதே சணலால் கட்டி, மலைக்கு பஸ் ஏறினேன். அந்த ஊரில் வாசகர் வட்டம் நடத்த ஒப்புக்கொண்டவர் அலமேலு. முப்பத்தைந்து வயசு இருக்கும். ஒன்பதாவது வரைக்கும் விடுதியில் தங்கிப் படித்தவர். மரவள்ளிக் கொல்லையில் வேலை முடித்து வந்து, சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே பேசினார்.

"பத்து புக்கு எதுக்குங்க சார்? நான் ஒருத்தி படிச்சா போதும். எல்லாரும் குந்திக் கேட்டுக்குவாங்க."

"பத்துப் பேர் கையெழுத்து போட்டு வாங்கணும்மா. அப்பத்தான் அது வட்டம்."

"கையெழுத்தா? மூணு பேருக்கு மேல தேறாதுங்க. மத்ததெல்லாம் கைநாட்டுதான்."

அப்படியே ஆயிற்று. மூன்று கையெழுத்து, ஏழு கைநாட்டு. ஒரு பிரதியை அலமேலு எடுத்துக்கொண்டார். மற்ற ஒன்பதும் அவர் வீட்டுப் பரணில் கட்டாகவே இருந்தன என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் மூன்று பேர் காகிதத்தோடு வந்தார்கள். ஒருவர் ரேஷன் கார்டு சம்பந்தமான கடிதம், ஒருவர் மாத்திரை அட்டை, ஒரு பெண் திருப்பூரில் வேலை செய்யும் மகன் அனுப்பிய ஏதோ படிவம். அலமேலு வாங்கிப் பார்த்து, ரெண்டு வரியில் விஷயத்தைச் சொல்லி அனுப்பினார். பெரியவர்களில் நாலு எழுத்து கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள், பிள்ளைகள் விடுதியில். ஊருக்கு மிச்சம் இருந்த கண் அலமேலுதான்.

நாற்பது நாள் ஓடியது. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். மலையிலிருந்து ஒரு வேனில் பதினெட்டுப் பேர் வந்தார்கள். இப்படி ஒரு கூட்டத்தை என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கரும்பு விவசாயி ஒருவர் எழுந்து, கதையைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் அழுததாகச் சொன்னார். வாத்தியார் ஒருவர் மன்னிப்பைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். மேடையில் ஒரு பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது. அப்போதுதான் மைக் அலமேலு கைக்குப் போனது.

"எங்க ஊர்ல யாரும் அழுவலைங்க" என்று ஆரம்பித்தார். "அவன் ஏன் போனான்னு கதையில சொல்லவே இல்ல பாருங்க, அதான் எங்களுக்குப் புடிச்சுது. காரணத்தைச் சொல்லிட்டா நாம அவனுக்குப் பரிஞ்சு பேச ஆரம்பிச்சிடுவோம். அந்தம்மா சோறு போட்டதும் மன்னிச்சதுக்கு இல்லீங்க. எங்க பக்கம் வாசல்ல எவன் வந்து நின்னாலும் மொதல்ல சோறு போட்டுட்டு, பொறவுதான் இன்னா சேதின்னு கேப்போம்."

வாத்தியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்தார். நல்ல மனுஷர்தான், கெட்ட எண்ணம் கிடையாது. "அம்மா, ஏன் போனான்னு சொல்றதுக்கு ஒரு அத்தியாயமே இருக்குதேம்மா. தம்பிக்காகப் போறான்."

"எந்தத் தம்பிங்க?" என்றார் அலமேலு.

மண்டபமே சிரித்தது. அலமேலு சிரிக்கவில்லை. கையில் இருந்த புத்தகத்தைத் திறந்து, மூடி, "இல்லீங்களே, நான் ரெண்டுவாட்டி படிச்சேன். அப்படி ஒண்ணும் வர்லியே" என்றார். கச்சிராயபாளையத்துப் பெண் ஒருவர், "நல்லாப் பாரும்மா, பதினாறு பக்கத்துக்கு வருது" என்றார். மறுபடி சிரிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த அம்மா இவ்வளவு தெளிவாகப் பேசுகிறார், ஆனால் கதையின் உயிரான இடத்தைப் படிக்கவே இல்லை, இது எப்படி? அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பாய்ந்து போய் மைக்கை வாங்கினேன்.

சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். "அம்மா நடுவுல கொஞ்சம் விட்டுட்டாங்க போல இருக்கு. பரவாயில்லை. மலையில இருந்து இவ்வளவு தூரம் வந்து, படிச்ச வரைக்கும் தைரியமாப் பேசினாங்களே, அதுவே பெரிசு. எல்லாரும் ஒரு தடவை கைதட்டுங்க."

கைதட்டினார்கள். அதிகாரியும் தட்டினார். நான் அலமேலுவைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன், அதுதான் கொடுமை. அலமேலு கையில் இருந்த புத்தகம் எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. மேடை மேஜைமேல் இன்னொரு பிரதி இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை அதிகாரிக்குக் கொடுத்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு பதினொன்றே முக்கால் வரும். யாருக்கு அதைக் கொடுப்பது என்று அப்போது யோசிக்க நேரம் இருக்காது, இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். அறிக்கை எழுதி அனுப்பினேன். அதில் 'மலைவாழ் மக்களும் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்' என்று ஒரு வரி உண்டு.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை. நூலகத்தைத் திறந்து பேப்பர்களை மேஜைமேல் பரப்பிக்கொண்டிருந்தேன். அலமேலு வந்து நின்றார். கையில் அதே சணல் கட்டிய கட்டு.

"பத்தும் இருக்குது சார். எண்ணிக்கோங்க."

"வெச்சிருங்கம்மா, யாரும் கேட்கலையே. ஊர்ல இன்னும் படிப்பாங்க."

"வேணாம் சார்." கட்டை மேஜைமேல் வைத்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஒரே ஒரு ஒத்தாசை. அந்தத் தம்பி கதை எந்தப் பக்கத்துல இருக்குதுன்னு காட்டிடுங்க. பாத்துட்டுப் போயிடறேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டேன்.

"பத்தையும் பிரிச்சுத் தேடிட்டேன் சார். ஒரு புக்குல இல்லன்னா அந்தப் புக்குல இன்னாவோ கோளாறுன்னு சொல்லலாம். பத்துலயும் இல்லியே. அப்ப கோளாறு எங்கிட்டதானே? படிக்கிறேன் படிக்கிறேன்னு நெனச்சிக்கினு இத்தினி வருஷமா நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னே தெரியல." மேஜைமேல் இருந்த கட்டைப் பார்த்தார். "கூட வந்தவங்க வேன்லயே பேசிக்கினாங்க. நடுவுல வுட்டுட்டுப் படிக்கிறவ நம்ம சீட்டையெல்லாம் எப்படிப் படிச்சாளோன்னு. இப்ப யாரும் சீட்டு எடுத்துக்கினு வர்றதில்ல. வந்தாலும் நான் வாங்க மாட்டேன் சார். மாத்திரையைத் தப்பாச் சொல்லிட்டா இன்னா ஆவறது?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஏதோ பதற்றத்தில் பார்க்காமல் விட்டிருப்பார், காட்டிவிட்டால் தெளிந்துவிடும் என்றே நினைத்தேன். கட்டிலிருந்து மேல் புத்தகத்தை எடுத்து, நிதானமாகப் புரட்டி, டிரைவர் விடியற்காலையில் கிளம்பிப் போகிற அத்தியாயத்தின் கடைசிக்கு வந்தேன். "இதோ பாருங்க, இதுக்கு அடுத்த பக்கம்" என்று சொல்லிக்கொண்டே விரலை வைத்தேன். அடுத்த பக்கத்தில், ஒன்பது வருஷம் கழித்து, அந்தப் பெண் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

முன்னால் புரட்டினேன், பின்னால் புரட்டினேன். ஒரு கணம் இவர் கிழித்துவிட்டாரோ என்றுகூடத் தோன்றியது. தையலை விரித்துப் பார்த்தேன், கிழிசல் இல்லை. அடுத்த புத்தகத்தை எடுத்தேன், அதற்கடுத்ததை எடுத்தேன். பத்திலும் அதே கதை. நான் பித்துப் பிடித்தவன் மாதிரி அலமாரிக்கு ஓடி, ரிஷிவந்தியத்திலிருந்து திரும்பி வந்த பிரதியை எடுத்தேன். அதில் தம்பி இருந்தான். கிளம்பிப்போன டிரைவர் இருந்தான். அவன் ஏன் கிளம்பினான் என்பதும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதுதான் மேல் மூலையில் இருந்த எண்கள் கண்ணில் பட்டன. மலைக்குப் போன புத்தகத்தில் தொண்ணூற்றாறுக்கு அடுத்தது நூற்றுப் பதின்மூன்று.

ஒரு ஃபாரம் விடுபட்டிருக்கிறது. பதினாறு பக்கமாக மடித்துத் தைப்பார்களே, அந்த மடிப்பு ஒன்று பைண்டிங்கில் சேராமலே போயிருக்கிறது, அந்தப் பத்துக்கும். என் போறாத காலம், அந்தப் பதினாறு பக்கம் சரியாக ஒரு அத்தியாயம். ஒரு வாக்கியம் பாதியில் அறுந்திருந்தால் எந்தக் குழந்தையும் கண்டுபிடித்திருக்கும். இந்த நாவலில் அத்தியாயத்துக்கு எண்ணும் கிடையாது. என் இரகசியப் பக்கமோ வேறு எங்கோ பத்திரமாக இருந்தது.

"பக்க நம்பரைப் பாக்கலியா நீங்க?" என்று கேட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அத யாருங்க சார் பாப்பாங்க? நான் கதையைப் பாத்தேன்" என்றார்.

முழுப் பிரதியை அவரிடம் கொடுத்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பதினாறு பக்கத்தையும் உதடு அசையப் படித்தார். நான் உள்ளே போய் என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நல்ல பிரதி ஒண்ணு கொடுத்து அனுப்பிடுங்க. விழா முடிஞ்சு அறிக்கையும் போயாச்சு. இப்ப போயி நம்ம தப்புன்னு சொன்னா மொத்த நிகழ்ச்சியும் கேலிக்கூத்தாயிடும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை, புத்தகத்தை மாற்றிக் கொடுத்தால் கணக்கு சரி. நானும் அப்படியே செய்துவிடலாம் என்ற நினைப்போடுதான் வெளியே வந்தேன்.

அலமேலு படித்து முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் இன்னும் குழப்பம்தான். "சார், இத எடுத்துக்கினு போயி நான் இன்னா சொல்றது? எம்மேல தப்பில்லன்னு நானே சொன்னா யாரு நம்புவாங்க? வேற புக்கு குடுத்து அனுப்பிட்டாருன்னு சொல்லுவாங்க. கைதட்டினது அத்தினி பேருக்கும் தெரியுமே."

அவர் அந்தக் கைதட்டலைச் சொன்னதும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நூலகத்தை உடன் வேலை பார்த்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு முழுப் பிரதி, ஒரு குறைப் பிரதி இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு அவரோடு மலை பஸ் ஏறினேன். விடுப்பு எழுதிக் கொடுத்தேனா இல்லையா என்று இப்போது ஞாபகம் இல்லை.

பஸ்ஸில் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பலா மரத்தடியில் முப்பது பேர்போல் கூடினார்கள். ஒத்திகையெல்லாம் மறந்துவிட்டது. "தப்பு என்னுது. புத்தகத்தைப் பார்க்காம கொடுத்தேன். நான் கொடுத்ததுல பதினாறு பக்கம் கிடையாது. இருந்ததை அலமேலும்மா ஒரு எழுத்து விடாமப் படிச்சாங்க. அன்னிக்கு மண்டபத்துல நான் சொன்னது தப்பு. என்னை மன்னிச்சுக்கோங்க" என்றேன். இரண்டு புத்தகத்தையும் திறந்து காட்டினேன். எழுத்து தெரியாதவர்கள்கூட இரண்டையும் கையில் வாங்கி, கனம் பார்த்தார்கள்.

சரி, அந்தப் பக்கங்களைப் படித்தே காட்டிவிடலாம் என்று உரக்கப் படித்தேன். நன்றாகவே படித்தேன், குரல் ஏற்ற இறக்கத்தோடு. முடித்துவிட்டு நிமிர்ந்தால், முன்னால் உட்கார்ந்திருந்த ராசாத்தி என்கிற அம்மா என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு இல்லாத பக்கம் இன்னிக்கு எங்கிருந்துங்க வந்துச்சி?"

"அன்னிக்கும் இருந்ததும்மா. உங்களுக்குக் கொடுத்ததுல மட்டும் இல்லை."

"அதெப்படி? எல்லாருக்கும் ஒரே புக்குன்னுதானே சொன்னீங்க? அந்த ஓடிப்போன ஆளைக் காப்பாத்தறதுக்கு நீங்களே எழுதிக்கினு வந்தாப்பல இருக்குது."

சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. அச்சில் இருக்கிறது என்றேன். அச்சுப் போட்டுக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆகும் என்றார்கள். முப்பது வருஷம் புத்தகத்தோடு குடும்பம் நடத்தியவன், ஒரு புத்தகம் புத்தகம்தான் என்று நிரூபிக்க முடியாமல் பலா மரத்தடியில் வியர்த்துப்போய் நின்றேன். கடைசியில் ராசாத்தியே முடிவு சொன்னார். "அலமேலு, நீ படி. உன் வாயால கேட்டாத்தான் நம்புவோம்."

அலமேலு புத்தகத்தை வாங்கவில்லை. "நானா?" என்று என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கம் முழுக்கத் தடுமாற்றம். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வாய்விட்டுச் சொன்னார். மூன்றாவது பக்கத்தில் குரல் கொஞ்சம் நிலைக்கு வந்தது. அதே பதினாறு பக்கம்தான், நான் படித்தபோது ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது அசையாமல் கேட்டார்கள்.

முடிந்ததும் ராசாத்தி சொன்னார்: "சரி, தம்பிக்காகத்தான் போயிருக்கான். பொண்டாட்டி கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதுக்கு வாயில இன்னா கொழுக்கட்டையா?" எல்லோரும் ஆமாம் என்றார்கள். பதினாறு பக்கத்தைக் கொடுத்தால் அவர்கள் கதையைப் புரிந்துகொள்கிற விதமே மாறிவிடும் என்று நினைத்துப் போனேன். ஒன்றும் மாறவில்லை. அவர்கள் முன்னால் சொன்னதைத்தான் இப்போதும் சொன்னார்கள். படித்துவிட்டு வீட்டில் அழுத கச்சிராயபாளையத்துக்காரர்கள் சரியாகப் படித்தார்களா, இவர்கள் சரியாகப் படித்தார்களா என்று நான் இன்னும் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறேன். அந்தப் பயிற்சி வகுப்புப் பெண்ணுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லட்டும்.

கூட்டம் கலைகிற நேரத்தில் கோவிந்தன் என்று ஒருவர் எழுந்து வந்தார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும், கண்ணில் பூ விழுந்து வெளுத்திருந்தது. இடுப்பு மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். பழக்க தோஷம், நான் கையை நீட்டிவிட்டேன். அவர் என் கையைத் தாண்டிப் போய் அலமேலுவிடம் கொடுத்தார்.

"இந்தாம்மா. கண்ணு முகாம்ல குடுத்தது. உன் கிட்ட குடுக்கறதா வேணாமான்னு தெரியாம இருபது நாளா மடியிலயே வெச்சிக்கினு இருக்கேன்."

ஊர் அலமேலுவிடம் திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அலமேலு சீட்டைப் பிரித்து உரக்கப் படித்தார். "கோவிந்தன். எடது கண்ணு ஆபரேசனு. காலையில ஆறு மணிக்கெல்லாம் கெளம்பணும், கீழ வேன் வந்து நிக்கும். கூட ஒருத்தரு வரணும்." அடுத்த வரியில் நின்றுவிட்டார். மறுபடி படித்தார், இந்தத் தடவை மெதுவாக. "தேதி போன வெள்ளிக்கெழம போட்டிருக்குது மாமா."

"இன்னிக்கு இன்னா கெழம?" என்று கேட்டார் கோவிந்தன்.

"பொதங்கெழம."

"அப்ப போயிடுச்சா?"

"போயிடுச்சு மாமா."

அவர் யாரையும் திட்டவில்லை. வேன் வந்து நின்றிருக்குமே, டிரைவர் காத்திருந்திருப்பாரே என்றுதான் கவலைப்பட்டார். இரண்டு மாதம் கழித்து அடுத்த முகாமில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது, அன்று கூட இருந்தவன் நான்தான் என்பதையெல்லாம் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தலாம். நடந்ததென்னவோ உண்மை. ஆனால் அன்றைக்கு அந்த மரத்தடியில் அதெல்லாம் இல்லை. அன்றைக்கு இருந்தது அந்தச் சீட்டு மட்டும்தான்.

ஊர் அலமேலுவை நம்பிவிட்டது. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பத்தடி போயிருப்பேன், அலமேலு பின்னாலேயே வந்தார். சீட்டை என்னிடம் நீட்டினார்.

"சார், தேதியை நான் சரியாத்தான் படிச்சேனா? ஒருவாட்டி நீங்களும் பாத்துடுங்க."

கையில் வாங்கிப் பிரிக்கும்போது, இந்த ஒரு தடவை இவர் தப்பாகப் படித்திருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். சரியாகத்தான் படித்திருந்தார்.